நாலடியில் நின்ற நடுவர்

எவரிஸ்தோ கார்க் கதவைத் திறந்துவைத்து, முழங்காலில் எலாஸ்டிக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ரொம்ப இறுக்காதே, கால் மரத்துப்போகும்" என்றேன். படுக்கையில் கிடந்தவர்களை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். அவனுக்கு அக்கா. "ஒதிலியாகிட்ட சொல்லிடு, ஓட முடியாதுன்னு."

"சொன்னா வேற ஆளைத் தேடுவா. நீ பேசாம இரு, அக்கா."

பேசாமல் இருந்தேன். அது என் தப்பு.

எங்கள் ஊரான நாராஞ்ஹீத்தோவில் ஞாயிறு என்றால் பெண்கள் சாஃப்ட்பால் ஆட்டம். பதினொரு வருஷமாக எவரிஸ்தோவும் ஒதிலியாவும் ஜோடி நடுவர்கள். அவள் பந்தடிப்பவளுக்குப் பின்னால் நிற்பாள். அவன், ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ்களுக்குப் பக்கத்தில். தூரத்துப் பந்தைப் பிடிப்பார்களா, விடுவார்களா என்று சந்தேகம் வந்தால் அவன் கையைத் தூக்கி "போறேன்" என்று கத்திவிட்டு ஓட வேண்டும். அது காதில் விழுந்ததும் அவள் உள்ளே ஓடிவந்து பேஸ்களைக் கவனிப்பாள். அதற்கப்புறம் பந்தின் பக்கம் திரும்ப மாட்டாள். பந்து அவன் பொறுப்பு.

அன்று இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். குளோரிண்டா பயிற்சி தரும் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. கடைசி வாய்ப்பு. அவர்கள் பெண் அடித்த பந்து வலது ஓரமாகத் தாழப் பறந்தது.

"போறேன்" என்றான் எவரிஸ்தோ. ஒதிலியா உள்ளே வந்துவிட்டாள். இவன் நாலடி வைத்து நின்றுவிட்டான். பந்தைத் துரத்திய பெண் குப்புற விழுந்து கையுறையைத் தூக்கிக் காட்டினாள். அவன் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். அவுட் என்று கை காட்டினான்.

குளோரிண்டா நேரே வந்தாள். "பந்து தரையில பட்டு எழும்பிச்சு. நீ பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு என்னய்யா பார்த்தே?"

வேலியோரம் பொரித்த அல்கபுர்ரியா தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒதிலியா அவனிடம் மெதுவாகக் கேட்டாள்: "பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவளுக்கு அது போதும். "அவன் பார்த்தேன்னா பார்த்தான்" என்றாள். குளோரிண்டா தொப்பியைக் கழற்றி அவள் காலடியில் எறிந்தாள். ஒதிலியா அவளை வெளியேற்றினாள். வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்துக்கும் வர முடியாது.

வேலியிலிருந்து பார்த்தேன். அவன் காலணித் தடம் செம்மண்ணோடு முடிந்திருந்தது. பந்து விழுந்த புல்லுக்குப் போகவேயில்லை.

வீட்டில் முழங்காலில் ஐஸ் வைத்தேன். "வலிக்குதா?"

"கால் இல்ல. ஒதிலியா என் முதுகுல தட்டிக் கொடுத்துட்டுப் போனா."

சமாதானம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலை ஒதிலியா வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறைக்கு அவனைக் கூட்டிப்போனேன். அவள் பச்சை வாழைக்காய் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கல" என்றான். "நாலடிக்கு மேல போகவும் இல்ல. கால் வரல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா?"

"ஆறு வாரம்."

என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா, டோன்யா ரெமி?"

"தெரியும்."

கையைத் துடைத்துக்கொண்டு காகிதம் எடுத்து வந்தாள். பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதையும், கூட்டாளியிடம் பொய் சொன்னதையும், குளோரிண்டாவின் தடையை நீக்கக் கேட்பதையும் சாஃப்ட்பால் சங்கத்துக்கு அவன் எழுதினான். ஒதிலியா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"முதல்ல குளோரிண்டாகிட்ட காட்டு. நான் வரல."

குளோரிண்டாவின் இரும்புச் சாமான் கடை வாசலில் காரை நிறுத்தினேன். எவரிஸ்தோ கால்சட்டையைச் சுருட்டி, முழங்கால் கட்டை அவிழ்த்தான்.

"இது இல்லாம எப்படிடா நடப்பே?"

"கட்டைப் பார்த்தா பாவம்னு விட்டுடுவா."

அதைச் சுருட்டி என் மடியில் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே கடைக்குள் போனான்.