கூண்டுக்காரனுக்கு நான் கேட்ட பரிசு

அமெரிக்காவில் விளையாடும் ஒருவனுக்காக நான் ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் வாதாடினேன். அவனுக்கு என்னைத் தெரியாது. அவன் பேரைச் சரியாகச் சொல்ல இன்றுவரை என் நாக்கு வளையவில்லை. ஆனாலும் அந்த வருசத்தின் சிறந்த ஆட்டக்காரன் பரிசை அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அனுமந்தன்பட்டியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், நிதானமாக எழுத்துக் கூட்டினால் இப்படி எழுதவும் செய்வேன். தீர்ப்புச் சொல்ல இதுவே அதிகம். எங்கள் தெருவில் நான் தீர்ப்புச் சொல்லாத விசயம் ஏதாவது உண்டா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். பயம்.

விசயம் வரப்போகும் பொங்கலை வைத்து ஆரம்பித்தது. எனக்கு ஒரே மகன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். பேத்திக்கு ஐந்து வயசாகிறது, ஒரு தைப்பொங்கலையும் அவள் இங்கே பார்த்ததில்லை. இந்தத் தடவைதான் லீவு தோதாக அமைந்தது. ஆனால் பொங்கலுக்கு மறுநாளே விமானம் ஏற வேண்டும். அப்படியானால் பிள்ளை பானையில் அரிசி போடப்போவது எந்த வீட்டு வாசலில்? என் வாசலிலா, என் சம்பந்தியம்மாள் வாசலிலா?

சம்பந்தியம்மாள் முதலில் தணிவாகத்தான் கேட்டார்.

"மதினி, எப்ப வந்தாலும் உங்க வீட்டுலதான எறங்குறாக. இந்த ஒரு பொங்கல எனக்கு விட்டுக் குடுங்க."

"பொங்கல் மகன் வீட்டுலதான் மதினி. நான் இன்னைக்குப் போட்ட சட்டமா இது?"

அதன்பிறகு இரண்டு பேரும் மதினி என்ற சொல்லை இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்தோம். எங்கள் பக்கத்தில் அது நல்லதற்கு அறிகுறி இல்லை. ஒருநாள் நாலு பேரும் ஒரே போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது என் மகனுக்குச் சலித்துவிட்டது.

"ஏம்மா, நிறுத்துங்க ரெண்டு பேரும். இங்க எங்களுக்குள்ள ஒரு சண்டை ஓடுது. இந்த வருசம் பேஸ்பால்ல சிறந்த ஆட்டக்காரன் யாருன்னு. நான் ஒருத்தனச் சொல்றேன், இவ ஒருத்தனச் சொல்றா. நான் சொன்னவனுக்குப் பரிசு கெடச்சா நம்ம வீட்டுல பொங்கல். இவ சொன்னவனுக்குக் கெடச்சா போடியில பொங்கல். சரியா?"

"சரியா அத்தை?" என்று மருமகளும் சிரித்தாள்.

அவர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதுவரை பேஸ்பால் என்றால் எனக்கு என்னவென்றே தெரியாது. அவர்கள் ஊரில் இரவு ஆட்டம் நடக்கும்போது எனக்கு விடிந்திருக்கும். மகன் தன் போனை டிவிக்கு எதிரே நிறுத்தி வைப்பான். நான் என் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, காப்பி டம்ளரோடு எதிரே உட்காருவேன். முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் பந்தை எறிகிறான். ஒருவன் உருட்டுக்கட்டையோடு நிற்கிறான். முக்கால்வாசி நேரம் கட்டையில் பந்து படுவதே இல்லை. படாததற்கும் கூட்டம் கத்துகிறது. கட்டையில் பந்து பட்டால் ஓட வேண்டும், கூட்டத்துக்குள்ளேயே போய் விழுந்தால் நிதானமாகச் சுற்றி வரலாம், இவ்வளவுதான் என்று மகன் சொன்னான். நானும் அவ்வளவுதான் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தால் கேட்டுக்கொள்ளும் பழக்கம் என்னிடம் எப்போதுமே குறைவு.

மருமகள் சொன்ன ஆள் நெட்டை. எங்கள் தோப்பில் தென்னைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் கௌரவமாக இருப்பான். கட்டையைச் சுழற்றினால் பந்து எங்கே போனது என்று கேமராவே தேடும். மகன் சொன்ன ஆள் வேறு மாதிரி. கட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு, முழங்காலில் தடுப்புக் கட்டிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். எறிகிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை. பிடித்துத் திருப்பி எறிவான், மறுபடியும் உட்காருவான். எழுந்திருப்பான், உட்காருவான். தன் முறை வந்தால் கூண்டைக் கழற்றிவிட்டுப் போய் அவனும் கட்டையால் அடிப்பான். அவன் அடித்ததும் கூட்டத்துக்குள் போய் விழும்.

அவனைப் பார்த்த அன்றே என் முழங்கால் வலித்தது. வெங்காயக் காட்டில் குத்தவைத்துக் களை எடுத்தே தேய்ந்த கால் என்னுடையது. ஒரு பாத்தி முடித்து எழுந்திருக்கும்போது இடுப்பில் கையை ஊன்றி ஒரு நிமிசம் வானத்தைப் பார்த்து நிற்போம் பாருங்கள், அவனும் அப்படியே நின்றான். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். மகன் சொன்னதால் இல்லை. முழங்கால் சொன்னதால்.

மறுநாளே போடிக்குப் போன் போட்டேன்.

"மதினி, பாத்தீகளா எங்க ஆள?"

"பாத்தேன், பாத்தேன். அடிக்கிறவன்தான மதினி ஆட்டக்காரன்? பின்னால உக்காந்து பந்து பொறுக்குறவனுக்கா பரிசு?"

"உங்க நெட்டை அடிச்சிட்டு என்ன செய்யுறான்? பெஞ்சுல போயி உக்காந்து ஏதோ வெதைய மென்னு துப்புறான். எங்காளு ஒரு வெதை துப்பி நீங்க பாத்திருக்கீகளா?"

"எப்பிடித் துப்புவான்? மூஞ்சில கூண்டு இருக்கே!"

பதில் இல்லாதபோது சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவது என் வழக்கம். அந்த ஐப்பசியில் எங்கள் ஊரில் சிக்னல் அடிக்கடி போனது.

சம்பந்தியம்மாள் எட்டாவது வரை படித்தவர், கடையில் உட்கார்ந்தவர். எதற்கும் ஒரு கணக்குச் சொல்வார். நெட்டை நூறு தடவை நின்றால் எத்தனை தடவை அடிக்கிறான், கூண்டுக்காரன் எத்தனை தடவை அடிக்கிறான் என்று மருமகளிடம் கேட்டு வைத்துக்கொண்டு என்னை மடக்குவார். எனக்குக் கணக்கு வராது. ஆகவே நான் நியாயம் பேசினேன்.

"மதினி, ஒரு வீடு இருக்குன்னு வைங்க. வெளிய போயி பேரு வாங்கிட்டு வாரவன் ஒருத்தன். அடுப்படியில குத்தவச்சு உக்காந்து, வாரது போறது எல்லாத்தையும் பிடிச்சு, எது எங்க போகணுமோ அங்க அனுப்புற ஆளு ஒருத்தி. மூஞ்சில அடி வாங்குறதும் அவதான். அவ இல்லேன்னா வீடு நடக்குமா? அது மாதிரிதான் எங்காளு. அவனுக்குப் பேரு வரக்கூடாதா?"

சம்பந்தியம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"மதினி, நீங்க அவனுக்குப் பேசுறீகளா, உங்களுக்குப் பேசுறீகளா?"

சிக்னல் போய்விட்டது.

நியாயம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் தெய்வத்திடம் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் பழத்தோடு அம்மன் கோயிலில் போய் நின்றேன். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"யாரு பேருக்கு ஆத்தா அர்ச்சனை?"

பேரைச் சொன்னேன். நான் சொன்ன பேர் அவன் பேர்தானா என்று எனக்கே சந்தேகம். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இது யாரு?"

"அமெரிக்காவுல இருக்கான். வேண்டப்பட்ட பிள்ளை."

"நட்சத்திரம்?"

அதை நான் யோசிக்கவில்லை. பூசாரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டேன். அவன் தூக்கத்தில் எடுத்தான்.

"ஏலே, அந்தக் கூண்டுக்காரன் என்ன நட்சத்திரம்?"

"என்னம்மா?"

"அவன் நட்சத்திரம்டா. ராசியாவது சொல்லு."

"அம்மா, அவனே ஒரு ஸ்டாருதாம்மா. போனை வை."

பூசாரி பெரிய மனசு பண்ணி, அம்மன் பேருக்கே அர்ச்சனை செய்துவிடலாம் என்றார். பிள்ளைக்குப் பரிசு கிடைத்தால் பொங்கல் வைத்துப் பட்டுப் பாவாடை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை யாரிடமும் சொல்லக்கூடாது. அன்றைக்கே போடிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சம்பந்தியம்மாள் மட்டும் சும்மா இருப்பாரா? அடுத்த செவ்வாய்க்கிழமை அவரும் நெட்டைக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

இதெல்லாம் நடந்தபோதே கடைசிக்கட்ட ஆட்டங்கள் தொடங்கியிருந்தன. தோற்றால் வெளியே என்கிற மாதிரியான ஆட்டங்கள். கூண்டுக்காரன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் எங்கள் வாசலில் பொங்கல் பானை ஏறுவதாகவே நினைத்துக்கொண்டு கைதட்டினேன். பால்காரர் இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் அவன் அடித்த பந்து கூட்டத்துக்குள் விழுந்ததும் மகனிடம் சொன்னேன்.

"இனிமே அவனுக்குக் குடுக்காம எப்பிடிடா இருப்பாய்ங்க?"

"இதெல்லாம் கணக்குல வராதும்மா. ஓட்டு எப்பவோ போட்டாச்சு."

"எப்ப?"

"இந்தக் கடைசி ஆட்டங்க தொடங்குறதுக்கு முன்னாலயே. பேப்பர்ல எழுதுறவுக ஓட்டுப் போட்டு முடிச்சாச்சு. அடுத்த மாசம்தான் சொல்வாக."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். என் அர்ச்சனை, என் வேண்டுதல், அடுப்படி நியாயம், போன கோபம், வந்த கோபம், எல்லாம் பெட்டியைப் பூட்டிய பிறகு. நம்மூரில் ஓட்டுப் போட்டுவிட்டு எண்ணுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறோமே, அந்த நாட்களில் யாராவது வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டால் என்ன சொல்லுவோம்? அப்படி ஒரு கிறுக்கச்சியாக நான் இருந்திருக்கிறேன். ஒரே ஆறுதல், போடியிலும் அப்படி ஒரு கிறுக்கச்சி இருந்தார்.

ஐப்பசி கடைசியில் ஒரு காலையில் மகன் கூப்பிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நெட்டைக்கா?"

"நெட்டைக்குத்தாம்மா. கொஞ்ச ஓட்டுலதான் போச்சு."

"பேப்பர்காரனுக்கு முழங்கால் வலி தெரியுமா?" என்றேன். சொன்ன சொல் சொல்தான். பொங்கல் போடிக்கு.

சம்பந்தியம்மாள் வெற்றியை நீட்டி முழக்கவில்லை. அன்று சாயங்காலமே கூப்பிட்டு, "நீங்களும் வந்துருங்க மதினி" என்றார். கால் வலி, வர முடியாது என்றேன். பொங்கல் அன்று சம்பந்தி வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் நிற்பதா? எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார்தான் மஞ்சள்கொத்தும் கரும்பும் பானையுமாகப் பொங்கல் சீர் கொண்டுவருவார்கள், நாங்கள் உட்கார்ந்து வாங்குவோம். ஒவ்வொரு வருசமும் சம்பந்தியம்மாள் கொண்டுவருவார். நான் கரும்பின் பருமனைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொல்வேன். இப்போது பெண்ணே அங்கே இருக்கிறாள். சீர் எங்கேயிருந்து எங்கே போவது?

மகன் குடும்பத்தோடு வந்து என்னிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிக்கு முந்தின நாள் போடிக்குக் கிளம்பினான். போகும்போது பேத்தி கேட்டாள், "அப்பத்தா, பானை பொங்குறப்ப நீ யாரோட கத்துவ?"

அந்தக் கேள்வியோடு நான் இரண்டு ராத்திரி தூங்க முயன்றேன். பொங்கல் அன்று இருட்டோடு எழுந்து குளித்தேன். மஞ்சள்கொத்து, இரண்டாக வெட்டிக் கட்டிய கரும்பு, ஒரு தார் நாட்டு வாழைப்பழம். உத்தமபாளையம் போய், அங்கிருந்து தேவாரம் வழியாகப் போடி பஸ் ஏறினேன். கண்டக்டர் கரும்பைத் தூக்கி உள்ளே போட்டார்.

"என்னத்தா, மக வீட்டுக்குச் சீரா?"

எனக்கு மகள் கிடையாது. சீர் சுமந்து போகும் பாக்கியமும் எனக்கு வாய்த்ததில்லை, சுமந்து வருகிறவர்களைப் பார்த்து "ம்" சொன்னதோடு சரி. ஆனாலும் பஸ் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாய்யா, மக வீட்டுக்குத்தான்" என்றேன்.

சம்பந்தியம்மாள் வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார். கையால் பிடித்துப் பருமனைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் கல் கூட்டியிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பானை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒதுங்கச் சொல்லிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து கல்லை மாற்றி வைத்தேன். நெருப்பு அணைந்தது. ஊதுவதற்கு அவரும் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். பேத்தி தன் சின்னக் கையால் அரிசியைப் போட்டாள், பாதி வெளியே. பால் பொங்கி வழிந்தபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம். மருமகள் போட்டோ எடுத்தாள்.

எல்லோரும் சாமி கும்பிட உள்ளே போனார்கள். நாங்கள் போகவில்லை. போக முடியவில்லை. இரண்டு பேர் முழங்காலும் பூட்டிக்கொண்டன. சம்பந்தியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மதினி, உள்ளதச் சொல்றேன். அந்தக் கூண்டுக்காரனுக்குத்தான் குடுத்திருக்கணும்."

"அட, அப்பறம் எதுக்கு மாசக்கணக்குல என் உசுர வாங்குனீக?"

"மக ஒருத்தனச் சொல்றா. நான் வேற எங்க போயி நிக்கிறது?"

தரையில் ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன். அவர் தோளைப் பிடித்துப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"கூப்பிடுங்க மதினி உங்க நெட்டைய," என்றேன். "பரிசு வாங்குனவன்தான, வந்து நம்மளத் தூக்கி விடட்டும்."