ஆறாவது ஜாக்கெட் பிட்

நேற்றுவரை என் பீரோவின் அடித்தட்டில் தைக்காத ஜாக்கெட் பிட் ஒன்று கிடந்தது. இலைப்பச்சை. நாற்பது வருஷமாக மடிப்புக் கலையவில்லை. அதோடு ஒரு துண்டுத்தாள், டைப் அடித்த ஒரே வரி: ஆறு பிட், அசார்ட்டட். அடித்தவர் எங்கள் டைப்பிஸ்ட் அக்கா.

எழுபதுகளின் கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. உசிலம்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை, பரவையில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். பில்லை அவர் அடிப்பார், கட்டுகளை நான் சரிபார்ப்பேன். பாதி பில்லில் அசார்ட்டட் என்ற சொல் வரும். பல நிறமும் சேர்ந்தது என்று பொருள். எங்கள் கடையிலோ, விற்காமல் தங்கிய சாம்பலையும் காக்கியையும் உள்ளே தள்ளிவிட அது வசதியான சொல். பிரித்துப் பார்க்கும்வரை வாங்கியவருக்குத் தெரியாது.

ஒருநாள் மேலூர்க் கடைக்காரர் ஒருவர் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். ஒரு டஜனில் முக்கால்வாசி சாம்பல். "அசார்ட்டட்னா அப்படித்தாண்ணே வரும்" என்று முதலாளி சிரித்து மழுப்பினார். வாயே திறக்காத அக்கா டைப்ரைட்டரை விட்டு எழுந்து வந்தார். "இல்லீங்க முதலாளி. அள்ளிப் போட்டதுக்கு அந்த வார்த்தை இல்ல. தினுசுக்கு ஒண்ணா பொறுக்கி வைக்கணும். எதுவும் விட்டுப் போகக்கூடாது."

முதலாளி முகம் சிறுத்துப்போனது. அதன்பிறகு கடையில் யாரும் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போய்விடுமோ என்று நானும் ஒதுங்கினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி!

அக்கா மட்டும் என்னை விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே கேட்பார்: "நாளைக்கு வீட்டுக்கு வா புள்ள. மீன் குழம்பு வச்சுத் தாரேன். ஒத்தையில உக்காந்து திங்க முடியல." "வாரேன்க்கா" என்பேன். போகமாட்டேன். திங்கட்கிழமை தலைவலி, துணி துவைத்தேன் என்று ஏதாவது சொல்லுவேன். "அதுக்கென்ன, அடுத்த வாரம் வா" என்பார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

கல்யாணம் நிச்சயமாகி நான் வேலையை விட்ட அன்று, கடைச் சணலால் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். ஹாஸ்டலில் பிரித்தேன். ஐந்து பிட்டுகள், என்னிடமிருந்த ஐந்து சேலைகளுக்கும் அச்சாகப் பொருந்தின. எத்தனை நாள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாரோ! ஆறாவது பச்சை எதற்கும் சேரவில்லை. தப்பாக எடுத்துவிட்டார் என்று ஒதுக்கிவைத்தேன்.

வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூரில். நாலைந்து வருஷம் கழித்து, ஊருக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரவையில் இறங்கி விசாரித்துப் போனேன். அந்த அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நான் வேலையை விட்ட மறுவருஷமே அக்கா காலி செய்துவிட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வருதுன்னு அது சொன்ன புள்ள நீதானா? எம்புட்டு நாளு ரெண்டு தட்டு கழுவி வச்சிருக்கு! பெட்டியில இருந்த ஒரே நல்ல சேலை, பச்சைச் சேலை, அதைக் கட்டிக்கிட்டு பஸ் வர்ற பக்கமே பாத்துக்கிட்டு நிக்கும்."

பச்சைச் சேலை. கடைக்கு அக்கா அதைக் கட்டி வந்ததே இல்லை. எனக்காகக் கட்டியதை நான் பார்க்கவே இல்லை. என் ஐந்தோடு தன்னுடைய நிறத்தையும் ஒன்றாக வைத்துக் கட்டியிருக்கிறார். பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் அந்தத் துணியைத் தொடவே பயம். இப்போது கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை சமைத்துவிட்டு ஒற்றைத் தட்டோடு உட்காருகிறேன். நேற்று எழுந்து பீரோவைத் திறந்தேன். தெருமுனைத் தையல்காரரிடம் பிட்டைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்குச் சேலை எங்கம்மா?"

"அது இன்னொருத்தவங்ககிட்ட இருக்கு. நீங்க தைங்க."