மாமாவின் பல்லிக்கு வேலைக்காரப் பூச்சிகள்

உலகத்தில் யாராவது பல்லிக்கு ஏசி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், சாரம் பகுதியில் என் அக்கா வீட்டில். அக்கா அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாள். முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெளிநாட்டுப் பல்லி ஜிலுஜிலுவென்று தூங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு மேலே முள் முள்ளாக நீட்டிக்கொண்டு, பப்பாளிக் கூழை நக்கித் தின்கிற பல்லி. சுவரில் ஓடுகிற நம்மூர்ப் பல்லிக்குத் துடைப்பக்கட்டை அடி. பிளேன் ஏறி வந்ததற்கு ராஜ உபசாரம்.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். கூடவே மகளும் வந்தாள், மகளோடு பல்லியும் வந்தது. வந்த சூட்டோடு அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். பெண் வெடித்தாள். அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டு பிரான்ஸுக்கே போய்விட்டாள். பல்லி மட்டும் இங்கே தங்கிவிட்டது.

அதன்பின் ஞாயிறானால் போன் வரும். அம்மாவிடம் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். அப்பாவிடம் ஒரே கேள்விதான்.

"பப்பா, பல்லி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது ம்மா."

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். பல்லி செத்தால் அந்த ஒரு கேள்வியும் போச்சு. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 'நான் பண்ணது தப்புதான்' என்று பெற்ற மகளிடம் சொல்ல இந்த மனிதருக்கு வாய் வராது. பல்லிப் புழுக்கையை அள்ள மட்டும் முட்டி போடுவார். என்ன ரோஷமோ, என்ன எழவோ!

அள்ளவே வேண்டியிருக்கவில்லை என்பதுதான் கூத்து. பெட்டிக்குள் மண், செடி, ஈரம் எல்லாம் வைத்து, புழுக்கையையும் பூஞ்சையையும் தின்று தீர்க்கிற பொடிப் பூச்சிகளையும் மண்ணில் விட்டுத்தான் போயிருந்தாள் அந்தப் பெண். மாமாவுக்குப் பட்டாளத்துச் சுத்தம். 'ஐயே, பூச்சி!' என்று மொத்த மண்ணையும் குப்பையில் கொட்டிவிட்டுப் புது மண் போட்டார். சீக்கிரமே பெட்டி முழுக்க வெள்ளைப் பூஞ்சை படர்ந்து நாற்றம் பிடுங்கியது. பல்லி சாப்பாட்டைத் தொடவில்லை. அப்புறம்தான், அரியாங்குப்பத்தில் குடியிருக்கிற, பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிற இந்தக் கொழுந்தியாள் நினைவுக்கு வந்தாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவரே வாய்க்கால் ஓரத்தில் ஆள் எடுத்து வைத்திருந்தார். விரல் நீளத்துக்குச் சிவப்பு மரவட்டைகள்.

"பாரு ம்மா, இன்னா கம்பீரமா அணிவகுத்துப் போவுது!"

"அதைச் சீண்டினா விஷ நீர் விடும் மாமா. உங்க பல்லி அதுல வாய் வெச்சா அப்பவே தெரியும் கம்பீரம். தூக்கி வெளிய போடுங்க."

வேலைக்கு ஆள் எடுக்கும்போது உருவத்தைப் பார்த்து மயங்குகிற புத்தி பட்டாளத்தோடு போகவில்லை போலும். பெட்டிக்கு வேண்டியது பல்லியைக் கடிக்காத, பல்லி தின்றாலும் கெடுதல் இல்லாத, மண்ணுக்குள் குட்டி போட்டுப் பெருகுகிற பூச்சி. என் மொட்டை மாடிப் பூந்தொட்டிகளைத் தூக்கினால் அடியில் ஊர்கிறதே, தொட்டதும் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சி, அது. தண்ணீர் ஊற்றினால் துள்ளுகிற வெள்ளைப் பொடிப் பூச்சி, அதுவும் சேர்த்து. மருந்து அடிக்காத தொட்டிகளாகப் பார்த்து எடுத்து டப்பாவில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "மேல காஞ்ச இலை பரப்புங்க, அதைத் தின்னும்" என்றும் சொன்னேன். என்ன இலை என்று சொல்லவில்லை. அவ்வளவு கூடவா விளக்க வேண்டும்?

ஒரு வாரத்தில் போன் வந்தது.

"உன் பூச்சிங்க சுத்த சோம்பேறிங்க ம்மா. ஒண்ணும் வேலை செய்யல."

போய் மூடியைத் திறந்தேன். கசப்பு வாடை குப்பென்று மூஞ்சியில் அடித்தது. உள்ளே வேப்பிலை, மெத்தை மாதிரி. அதன்மேல் மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருந்தார். என் பூச்சிகள் ஒன்றுவிடாமல் மல்லாந்து கிடந்தன.

"யார் சொன்னாங்க வேப்பிலை போடச் சொல்லி?"

"கிருமி அண்டாது இல்ல? பல்லி வேற சோர்ந்து கிடந்துது" என்றார்.

அக்கா ஒத்து ஊதினாள். "அம்மை போட்டா வேப்பிலையிலதானேடி படுக்க வெக்கிறோம்?"

எனக்கு வந்த கோபத்தில், "அரிசியில பூச்சி வரக் கூடாதுன்னு எதைக்கா போடறே? வேப்பிலைதானே? பூச்சியை வேலைக்குக் கூப்பிட்டு, அதுக்கு விஷத்துல பாய் விரிச்சிருக்கீங்களே, புருஷனும் பொண்டாட்டியும்!" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷம் சீமையில் இருந்துவிட்டு வந்தவர், பல்லிக்கு அம்மை வார்த்த மாதிரி தண்ணீர் ஊற்றுகிறார்!

மறுபடி மண் மாற்றி, என் தொட்டிகளிலிருந்து புதுப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டோம். தெருமுனை வாதாம் மரத்தடியில் அவரையே குனிந்து பழுத்து விழுந்த இலைகளைப் பொறுக்க வைத்தேன். கழுவிக் காயவைத்து, நொறுக்காமல் பரப்பச் சொன்னேன். ஒரு மூலை எப்போதும் ஈரம், எதிர்மூலை காய்ந்த மண். ஒளிய மக்கிய மரத்துண்டு, பூச்சிகளின் ஓட்டுக்குச் சத்தாக முட்டை ஓட்டுத் தூள், எப்போதாவது ஒரு வெள்ளரித் துண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை அந்த அறைக்குள் வரக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டேன். இந்த முறை பூச்சிகள் பிழைத்தன. பூஞ்சை அடங்கியது, புழுக்கை தானாக மறைந்தது, பல்லி சாப்பிட்டது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னவோ தானே எல்லாம் செய்தது போலப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நன்றி என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

கத்திரி வெயிலில் ஒருநாள் காலையில் போன கரண்ட் பொழுது சாயும்வரை வரவில்லை. அந்தப் பல்லிக்குச் சூடு ஆகாது. மாமா பெட்டிக்கு ஈரத்துணி போர்த்தினார், ஐஸ் வாங்கிவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினார், விசிறினார். சாயங்காலம் செத்துப்போனது. சட்டை நனைந்து அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். பொய் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"பப்பா, பல்லி எப்படி இருக்குது?"

"செத்துப் போச்சு ம்மா. கரண்ட் இல்ல. என்னால காப்பாத்த முடியல."

மகள் போனை வைத்துவிட்டாள் என்று நினைத்து அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மெல்லக் கேட்டது.

"பூச்சிங்க?"

மாமா பெட்டியைப் பார்த்தார்.

"இருக்குது ம்மா. குட்டி போட்டிருக்குது."

"எத்தினி?"

"எண்ணிட்டு, அடுத்த வாரம் சொல்றேன்."

அதையெல்லாம் எண்ண முடியாது மாமா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.