பலகையில் ஏறாத பெயர்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டக்கா. கணினிகளுக்குள் திருடர் நுழையாமல் காப்பது அவள் வேலை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனையைத் தொடங்கிவைத்தாள். ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் போகும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டவர் பெயர் உணவறைப் பலகையில் ஏறும். மூன்று முறை ஏறினால் மெமோ. மாட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். மேலாளருக்கு வாயெல்லாம் பல். எண் குறைவதும் தவறு குறைவதும் ஒன்றல்ல என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிஜத் திருட்டு வேண்டியிருந்தது.

போன மாதம் கிடங்குக்காரர் திருடர்கள் அனுப்பிய மின்னஞ்சலையே தொட்டுவிட்டார். மறுகணமே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நான்காம் நாள்தான் வந்து சொன்னார். அதுவரை திருடர்கள் திறந்த வீட்டில் நாய் நுழைந்தாற்போல் உள்ளே உலவினார்கள்.

இந்தச் சோதனை மறைக்கத்தான் கற்றுத்தருகிறது, இதை நிறுத்த வேண்டும் என்று தகவல் பாதுகாப்பு மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினாள். அனுப்பக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து. தேர்வுக் குழுவில் பாதிப்பேர் இந்தச் சோதனையை விற்றுப் பிழைப்பவர்கள்.

“ஆதாரம் எங்கேன்னு கேப்பாங்கம்மா,” என்றார் மேலாளர். “வெறும் வாயை மென்னுட்டு வந்தா, இங்கயும் உன்னைக் காப்பாத்த முடியாது.”

மூன்று மணிக்குக் கிடங்குக்குப் போனாள்.

“அண்ணே, நடந்ததை எழுதிக்கட்டுமா? பேரு போட மாட்டேன்.”

அவர் பெட்டிக்கு நாடா ஒட்டுவதை நிறுத்தவில்லை. “பேரைத்தான் சாப்பிட வர்றவன் எல்லாம் படிச்சாச்சே.”

“ஏன் உடனே சொல்லல?”

“ரெண்டு தடவை ஏற்கெனவே ஏறியாச்சு. மூணாவது தடவைன்னா மெமோ. யாரா இருந்தாலும் மறைப்பான்.” நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். “உங்களுக்கு அந்தக் கவலை இல்ல பூட்டக்கா. நீங்கதான் மாட்டவே மாட்டீங்களே.”

அவளும் மாட்டியிருந்தாள். போன ஆண்டு அவள் விடுப்பில் இருந்தபோது அவள் உதவியாளர் சோதனை மின்னஞ்சலைத் தயாரித்தார். ‘உங்கள் விடுப்பு நிராகரிக்கப்பட்டது’ என்றிருந்தது. பதறித் தொட்டாள். பட்டியலில் பன்னிரண்டாவதாக அவள் பெயர். அச்சுக்குப் போகுமுன் அழித்துவிட்டாள். அரை நிமிட வேலை. கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நான்கு நாற்பது. கட்டுரையிலிருந்து கிடங்குக்காரரைப் பற்றிய பத்தியை நீக்கினாள். அந்த இடத்தில் எழுதினாள்: ‘போன ஆண்டுப் பட்டியலில் ஒரு பெயரை நான் அழித்தேன். அது என் பெயர்.’

இந்த வரி இல்லாவிட்டால் கட்டுரை வெறும் பேச்சு. இருந்தால் வேலை போகலாம். பதிவைத் திருத்திய காவல்காரிக்கு எந்த அலுவலகம் சாவி கொடுக்கும்?

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். யாரோ சொல்லி மேலாளருக்குத் தெரியக்கூடாது என்று நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. கிடங்கு அண்ணன் மூணு நாள்தான் மறைச்சாரு. எனக்கு ஒரு வருஷம் ஆயிருச்சு.”

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார்.