அசையாமல் நின்ற பச்சை எண்

போன வருடம் பங்குனி கடைசி வாரம், கம்பத்தில் என் சித்தப்பாவின் வாழைப்பழ மண்டியில் நடந்தது இது. காலை பதினோரு மணி இருக்கும்.

நான் வீட்டில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்ப்பவள். அதுபோக, ஒரு பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சிக்காக எழுதிய இயங்குதளத்துக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி. கம்ப்யூட்டர் திரையில் விண்டோக்களைத் திறந்து, மூடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. வேறு இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட அதைக் கொண்டுவந்து இதில் ஓடவைத்து, பழுது பார்த்து வருவது என் பொறுப்பு. பயன்படுத்துகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை நிஜமான ஒரு வேலைக்கு வைத்துப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

மண்டியில் காய்களைப் பழுக்க வைக்கும் மூடிய அறை ஒன்று இருக்கிறது. பழுக்கும்போது உள்ளே கரியமில வாயு சேரும். மின்விசிறி போட்டு அதை வெளியேற்றிவிட்டுத்தான் ஆள் நுழைய வேண்டும். என் மென்பொருளை வைத்தே வாயுவின் அளவைக் கதவுக்கு வெளியே ஒரு திரையில் காட்ட ஏற்பாடு செய்தேன். சிவப்பு என்றால் நுழையக்கூடாது, பச்சை என்றால் நுழையலாம். மூலையில் நொடி ஓடும் கடிகாரமும் வைத்திருந்தேன். நொடி மாறும்போதெல்லாம் திரை சிமிட்டியது. என் மென்பொருளில்தான் எங்கோ கோளாறு. தேடச் சோம்பல்பட்டுக் கடிகாரத்தையே தூக்கிவிட்டேன். சிமிட்டல் நின்றது, நானும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு லோடு இறக்கும் அண்ணன் ஒருவர் திரையைப் பார்த்தார். "பச்சையாத்தேன் இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் பெருமையோடு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தால் அதைச் சொல்லும் ஒரு வரி திரையில் வரவேண்டும். எழுதியவளே நான்தான். வரவில்லை. மவுஸை அசைத்தேன், அம்புக்குறி ஓடியது. எண் மட்டும் அப்படியே நின்றது. விண்டோ எப்போதோ உறைந்துபோயிருக்கிறது. அந்தப் பச்சை எண் எந்த நேரத்து எண் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, வெளிய வாங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. பழ ட்ரே சரிந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே ஓடப் போன என்னைச் சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தார்.

"நீயும் விழுந்துருவ ஆத்தா! ஏலே, பின்கதவத் திறங்கடா! ஃபேனைப் போடு!"

அண்ணன் விழுந்தது நல்லவேளையாகப் பின்கதவை ஒட்டித்தான். இரண்டு பேர் வெளியில் நின்றபடியே எட்டிப் பிடித்து இழுத்துப்போட எவ்வளவு நேரமானதோ, எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள் இருப்பதே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கண் திறந்தார்.

"சரியாப் பாக்காமப் போயிட்டியேப்பா" என்று சித்தப்பா கடிந்துகொண்டார்.

"ஆமா முதலாளி, நாந்தேன் சரியாப் பாத்திருக்க மாட்டேன். கம்ப்யூட்டரு தப்பாவா காட்டும்?" என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வரத்தான் செய்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் கேட்டார்.

"சரி பாப்பா. அந்தப் பெட்டி உசுரோட இருக்கா இல்லையான்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை திரையைக் கழற்றி வைத்தோம். சிமிட்டியதற்கும் உறைந்ததற்கும் காரணம் ஒரே கோளாறுதான். திரை சிமிட்டிய அன்றே தேடியிருந்தால் அகப்பட்டிருக்கும். நொடிக் கடிகாரம் பழைய மூலைக்கே திரும்பியது; அது நின்றால் திரையும் உறைந்துவிட்டது என்று அர்த்தம். கையில் பிடித்துப் பார்க்கும் மீட்டர் ஒன்றையும் கதவருகே மாட்டினோம்.

இப்போது அண்ணன் முதலில் நொடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மீட்டரையும் பார்த்துவிட்டுத்தான் கதவில் கை வைக்கிறார். அவர் உள்ளே போய்த் திரும்பும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.