மெய்ஸியிடம் இருந்த கார் சாவி

ஷெஃபீல்டு மேடும் பள்ளமுமான ஊர். அங்கே பஸ் ஓட்டத் தனித் தைரியம் வேண்டும். ஜானிஸ் ஹாலம் வாலிப வயதிலேயே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள். பனி உறைந்த சரிவில்கூட அவள் வண்டி வழுக்கியதில்லை என்று டிப்போவில் நல்ல பெயர். அவள் வாய்க்கும் அதே அளவு பெயர் உண்டு. ஒருநாள் காலையிலேயே குடித்துவிட்டு ஏறிய ஆள், "பொம்பளை ஓட்டுற வண்டி. உசிரோட வீடு போய்ச் சேருவேனா?" என்று கேட்டான். "நீ சேர்ந்துடுவ கண்ணு. உன் மேல அடிக்கிற நாத்தத்துல மத்தவங்க உசிருக்குத்தான் நான் உத்தரவாதம் தர முடியாது," என்றாள் ஜானிஸ். பஸ் முழுக்கச் சிரித்தது.

அவளுடைய அப்பா இரும்பாலையில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் விடுமுறை என்றால் ஒருநாள் கடற்கரைக்குப் போய், மணல் கலந்த ரொட்டியைத் தின்றுவிட்டு இருட்டும்முன் திரும்பிவிடுவது. கல்யாணம் ஆனபின் கணவன் ட்ரெவருடன் ஒருமுறை ஸ்பெயின் போனாள். வெயிலில் முதுகு உரிந்ததும், நாள் தவறாமல் சண்டை போட்டதும்தான் அதில் மிச்சம். பிறகு ட்ரெவர் வேறொருத்தியோடு போய்விட்டான். ஜானிஸ் கொஞ்ச நாள் அழுதாள். அப்புறம் அவன் உட்கார்ந்து பழகிய நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தாள். மழையில் நனைந்து உப்பிப்போயிருந்த அதைக் குப்பை வண்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் பிள்ளை வேண்டும் என்ற ஆசை ட்ரெவரோடு போய்விடவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டாள். "இந்த வயசுலயா?" என்றார்கள் டிப்போவில். "பஸ்ஸே லேட்டாத்தான் வருது. நான் லேட்டா வந்தா என்ன?" என்றாள்.

மெய்ஸி அவள் வீட்டுக்கு வந்தபோது எட்டு வயது. அதற்குமுன் பல வளர்ப்பு வீடுகளில் இருந்தவள். வீடு மாறியபோதெல்லாம் அவளுடைய துணிமணிகள் கறுப்புக் குப்பைப் பைகளில்தான் போய் இறங்கியிருந்தன. ஜானிஸின் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தன. வசந்த காலத்தில் நீதிபதி கையெழுத்துப் போட்டதும் மெய்ஸி சட்டப்படி ஜானிஸின் மகளானாள்.

பெண் தங்கமான பெண். தன் தட்டைத் தானே கழுவினாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்குமுன் அனுமதி கேட்டாள். எதற்கும் அடம் இல்லை, எதிர்ப் பேச்சு இல்லை. அக்கம்பக்கத்தில், "கொடுத்து வெச்சவ நீ," என்றார்கள். தத்தெடுப்பு வழக்கைக் கவனித்த சமூகப் பணியாளர் ஹிலரி மட்டும், "இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காளேன்னுதான் எனக்குக் கவலை," என்றாள். இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று ஜானிஸுக்கு விளங்கவில்லை.

கோடையில் லீவு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் நெவில் டிப்போ கேன்டீனில் வைத்து ஒரு யோசனை சொன்னான். யார்க்‌ஷையர் மலைப் பள்ளத்தாக்கில் அவனுடைய சித்தி ப்ரெண்டாவுக்குப் பண்ணை இருந்தது. முற்றத்தின் ஓரத்தில் இருந்த சின்ன வீட்டை அவள் விடுமுறைக்காரர்களுக்கு விடுவாள்.

"அங்க என்ன இருக்கு?" என்றாள் ஜானிஸ்.

"ஆடு."

"அப்புறம்?"

"இன்னும் நிறைய ஆடு. நீங்க ரெண்டு பேரும் போங்க, உன் பூனைக்கு நான் சோறு வெக்கிறேன்."

ஜானிஸ் வீட்டுச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்தாள். அன்று மாலையே கடைக்குப் போய் மெய்ஸிக்கு ஒரு பெட்டி வாங்கினாள். சிவப்பு நிறம், உருளும் சக்கரங்கள், பக்கவாட்டில் சின்ன பை. இனிமேல் இவள் துணி குப்பைப் பையில் போகக் கூடாது என்பது அவள் எண்ணம். மெய்ஸி பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. தேங்க்ஸ்," என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டியைத் தூக்கிப் பார்த்த ஜானிஸுக்கு மூச்சு வாங்கியது. குளிர்காலக் கோட்டு, பள்ளிக்கூடக் காலணி, நீச்சலில் வாங்கிய சான்றிதழ் எல்லாமே உள்ளே இருந்தன.

"ஒரு வாரத்துக்கு எதுக்குடி இவ்வளவு?"

"தேவைப்படலாம்," என்றாள் மெய்ஸி.

படுக்கை விரிப்பையும் உருவி மடித்து வைத்திருந்தாள். என்ன சுத்தம் என்று ஜானிஸ் மெச்சிக்கொண்டாள்.

வழியெல்லாம் மழை. மலை ஏற ஏறச் சாலை குறுகி, இரண்டு பக்கமும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் நெருங்கி வந்தன. இரட்டைமாடி பஸ்ஸை ஊருக்குள் திருப்புகிறவளுக்கு இந்தச் சின்னக் காரை அங்கே ஓட்டுவது கஷ்டமாக இருந்தது. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ப்ரெண்டா ரப்பர் பூட்ஸோடு முற்றத்துக்கு வந்தாள். அறுபது வயதுக்காரி, உரத்த குரல்.

"வந்துட்டீங்களா! இதுதான் மெய்ஸியா? வா கண்ணு, உன் ரூம் ரெடியா இருக்கு. கேக் இருக்கு, கூடவே சீஸும் இருக்கு."

பால் வாங்கி வர மறந்தது அப்போதுதான் ஜானிஸின் நினைவுக்கு வந்தது. கிராமத்துக் கடையை மூடுமுன் போய்விட்டு வருவதாகச் சொல்லி மறுபடி காரில் ஏறப் போனாள். மெய்ஸி பின்னாலேயே வந்தாள். பெரிய மனுஷி மாதிரி கையை நீட்டினாள்.

"எல்லாத்துக்கும் ரொம்ப தேங்க்ஸ், ஜானிஸ். பஸ்ஸைப் பாத்து ஓட்டுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்து ஜானிஸும் சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டதில் நேரமாகிவிட்டது. வந்து இறங்கியதும் ப்ரெண்டா வாசலிலேயே அவளை மறித்தாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். இந்தக் குட்டி கோட்டைக் கழட்டாம உக்காந்திருக்கு. என்கிட்ட பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்னு கேக்குது. வேற பிள்ளைங்க இருக்காங்களா, எத்தனை மணிக்குப் படுக்கணும்னு கேக்குது. உங்க பொண்ணுதானே?"

"என் பொண்ணுதான்," என்றாள் ஜானிஸ். சொல்லும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. சிவப்புப் பெட்டி, குளிர்காலக் கோட்டு, மடித்த விரிப்பு, குலுக்கிய கை. பால் பாட்டிலோடு வாசல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கட்டியிருந்த நாய் வந்து அவள் கையை நக்கியது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பிறகு எழுந்து உள்ளே போனாள். ப்ரெண்டாவின் சமையலறை மேஜைமுன் மெய்ஸி கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜானிஸைப் பார்த்ததும், "எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மெய்ஸி, இது லீவு. நாம ரெண்டு பேரும் லீவுக்கு வந்திருக்கோம். சனிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."

"கெய்லும் லீவுன்னுதான் சொன்னாங்க," என்றாள் மெய்ஸி. குரலில் அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கெய்ல், முன்பு அவளை வளர்த்த ஒருத்தி. "கடல் பக்கத்துல ஒரு வீட்ல விட்டாங்க. அங்கயும் கேக் குடுத்தாங்க. கெய்ல் வரவே இல்ல."

சத்தியம் செய்தால் என்ன? கெய்லும் செய்திருப்பாள். ஜானிஸ் பையைத் துழாவிக் கார் சாவியை எடுத்தாள். ஜன்னலில் கிடந்த, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றில் ஒரு துண்டை ப்ரெண்டாவிடம் கேட்டு வாங்கி, சாவியைக் கோத்து மெய்ஸியின் கழுத்தில் மாட்டினாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். நீ குடுத்தாத்தான் நான் கிளம்ப முடியும்."

மெய்ஸி சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். கோட்டை மட்டும் கழற்றவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர்கள் நடந்தார்கள். சந்தை கூடும் பக்கத்து ஊருக்குக் காரில் போய் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடலாம் என்று ஜானிஸ் ஆசை காட்டினாள். மெய்ஸி யோசித்துப் பார்த்து, "வேண்டாம்," என்றாள். சாவியைத் தரவில்லை. ஆகையால் வீட்டிலேயே ரொட்டியும் டப்பா பீன்ஸும் தின்றார்கள். மழையில் கிராமம் வரை நடந்து போய்ப் பால் வாங்கினார்கள். நடுநடுவே மெய்ஸி பேச ஆரம்பித்தாள். கல்சுவரைத் தாண்ட முடியாமல் கத்திய ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஜானிஸ் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜானிஸ் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். மெய்ஸி வெளியே போனவள் திரும்பி வந்தாள். கழுத்தில் கயிறு இல்லை.

"சாவி எங்கே?"

"விழுந்துருச்சு."

"எங்கே விழுந்துச்சு?"

"ஓடையில. நான்தான் தூக்கிப் போட்டேன்," என்றாள்.

ஜானிஸுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தப் பெண்ணிடம் அதுவரை குரலை உயர்த்தியதே இல்லை. இப்போது முற்றத்து நாய் எழுந்து நிற்கும்படி கத்தினாள். "உனக்கு அறிவிருக்கா? வீட்டுக்கு எப்படிப் போறது? நடந்தா போறது?"

"வீட்டுக்கா? நீ பொய் சொல்ற!" மெய்ஸியும் கத்தினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "நாளைக்கு வேற எங்கயாவது கொண்டுபோய் விடுவ! எனக்குத் தெரியும்! நீயும் கெய்ல் மாதிரிதான்!" என்று ஓடி வந்து ஜானிஸின் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விட்டாள்.

நல்ல வலி. ஜானிஸ் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "உதைக்கிறியா? உதை. எவ்வளவு வேணா உதை. உன்னை எங்கேயும் விட மாட்டேன். இனிமே என் தலையெழுத்து நீ, உன் தலையெழுத்து நான். அதை யாரும் மாத்த முடியாது. இப்ப பேன்ட்டை மடிச்சுவிடு. தண்ணியில இறங்கித் தேடு."

பண்ணைக்குப் பின்னால் ஓடிய ஓடையில் கோடையிலும் தண்ணீர் எலும்பைக் குத்தியது. இருவரும் குனிந்து கல் கல்லாகப் புரட்டினார்கள். பாசியில் வழுக்கி ஜானிஸ் இடுப்பளவு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தாள். டிப்போவில் மட்டும் பேசும் வார்த்தை ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"அது கெட்ட வார்த்தை," என்றாள் மெய்ஸி.

"ஆமா. கெட்ட வார்த்தைதான். கையைக் குடு."

மெய்ஸி கையைக் கொடுத்தாள். சாவி கிடைக்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. ப்ரெண்டா வீட்டுத் தொலைபேசியில் நெவிலைக் கூப்பிட்டார்கள். மாற்றுச் சாவி ஜானிஸின் வீட்டு அலமாரியில் இருந்தது. நெவில் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைதான் தனக்கு ஓய்வு, அன்று கொண்டுவருகிறேன் என்றான்.

இதற்குள் மழை விட்டு வெயில் அடித்தது. வெயில் வந்தால் பண்ணையில் யாருக்கும் உட்கார நேரம் கிடையாது. "சும்மா இருக்கிற கைங்களைக் கண்டா எனக்கு ஆகாது," என்று ப்ரெண்டா இருவரையும் வைக்கோல் காட்டுக்கு இழுத்துப் போனாள். ஜானிஸ் கட்டுகளை அடுக்கினாள். மெய்ஸி டீ ஃபிளாஸ்கைச் சுமந்து வரப்பில் ஓடினாள். கோட்டு சுவரின்மேல் கிடந்தது. மாலையில் வேலை அலுத்துப்போய், "நான் மாட்டேன், எனக்குக் கால் வலிக்குது," என்று புல்லில் படுத்துவிட்டாள். சொன்ன வேலையை அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஜானிஸ் அவளை எழுப்பவில்லை.

ஞாயிறு மதியம் நெவில் சாவியோடு வந்து, கேக்கில் பாதியைத் தின்றுவிட்டுப் போனான். அவர்களும் கிளம்பினார்கள். காரில் மெய்ஸி ஒவ்வொரு ஊர்ப் பலகையாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஷெஃபீல்டு என்ற பெயர் தெரிந்த பிறகும் நம்பவில்லை. தெரு முனை திரும்பி, வீட்டு ஜன்னலில் பூனையைப் பார்த்த பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தாள். மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தாள். துணிகள் அத்தனையும் பல நாள் தரையிலேயே கிடந்தன. ஜானிஸ் சொல்லிச் சொல்லி வாய் வலித்தும் அவள் எடுத்து வைக்கவில்லை.

பிறகு வந்த வருஷங்கள் லேசாகப் போகவில்லை. மெய்ஸி கதவை அறைந்து சாத்துவாள். பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வரும். ஒருமுறை தலைமுடியைப் பாதி மட்டும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஹிலரியிடம் ஜானிஸ் இதையெல்லாம் சொன்னபோது, அவள் நல்ல சேதி கேட்டவளைப் போலச் சிரித்தாள். ஜானிஸை மெய்ஸி எப்போது அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள் என்பது இருவருக்குமே நினைவில்லை. ஏதோ ஒரு சண்டையில்தான் இருக்க வேண்டும்.

மெய்ஸிக்கு இப்போது பத்தொன்பது வயது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையைப் பழகுகிறாள். அவள் உயரத்தில் நடப்பதை ஜானிஸ் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதில்லை. கோடை வந்தால் மட்டும் எங்கே போவது என்று இருவருக்கும் ஒரு வாரம் தகராறு நடக்கும். இந்த வருஷம் வேல்ஸில் கூடாரம் போடலாம் என்றாள் மெய்ஸி.

"தரையில படுத்தா என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"காத்து மெத்தை வாங்கித் தரேன், அம்மா."

"காத்து இறங்கினா?"

"நான் ஊதுறேன். சும்மா தொணதொணக்காத."

கூடாரத்துக்குத்தான் போனார்கள். முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. ஜானிஸ் காரில் படுத்துத் தூங்கினாள்.