ஆடி வெள்ளியில் வந்த கவுன்கள்

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவளிடம் அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. இரண்டு பள்ளிப்பைகள், ஒரு கட்டைப்பை, ஒரு தலையணை. மாடியிலிருந்து பார்த்து அன்றே எழுதி வைத்தேன். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள் நான். பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுவது அந்த வேலை கொடுத்த பழக்கம். மழை, மின்தடை, தெருவுக்கு யார் வந்தார்கள், யார் வீடு காலி செய்தார்கள் என்று எல்லாம் என் டைரியில் இருக்கும்.

பிள்ளைகளின் அம்மா இவளோடு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தவள். பத்து வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். சிறுநீரகம் கெட்டு அவள் போய்விட்டாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடியறவரைக்கும்தான்க்கா" என்றாள் இவள். காரியம் முடிந்தது. பிள்ளைகள் போகவில்லை. தகப்பன் கல்யாணச் சமையலுக்குப் போகிறவன். மூன்றாம் மாதமே திண்டிவனம் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஆறு. இருவரும் இவளை அத்தை என்று கூப்பிட்டார்கள்.

தனி ஆளுக்குப் போதுமான சம்பளம் மூன்று பேருக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் போடும் பணம்கூட இறந்தவளின் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஏடிஎம் கார்டு தகப்பனிடம் இருந்தது.

இப்படி அடுத்தவர் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு மாதாமாதம் அரசாங்க உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, விண்ணப்பத்தோடு மேலே வந்தாள். பூர்த்தி செய்தவள் நான்தான். பிள்ளைகளுக்கும் விண்ணப்பிப்பவருக்கும் என்ன உறவு என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தார்கள்.

"என்னான்னுக்கா எழுதறது? கூட வேலை செஞ்சவன்னா குடுப்பாங்களா?"

'வளர்ப்பவர்' என்று எழுதினேன். தகப்பனிடமிருந்து வரும் உதவி என்ற இடத்தில் 'இல்லை' என்று அவள் சொன்னபடி எழுதினேன்.

"இது வந்துட்டா பெரியவள ஹாஸ்டல்ல விட வேணாம்க்கா. ரெண்டும் ஒண்ணாவே இருக்கும்" என்றாள்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே, ஒரு வெள்ளிக்கிழமை, அந்த விண்ணப்பத்தை விசாரிக்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, நனைந்த சுடிதார். கீழே வீடு பூட்டியிருந்ததால் படியேறி என்னிடம் வந்தாள். துடைத்துக்கொள்ளத் துண்டும் குடிக்கக் காபியும் கொடுத்தேன். நல்ல பெண். நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா வந்து பாக்கறாராங்க மேடம்?"

"வந்திருக்கிறார். நான் எழுதி வைத்திருக்கிறேன்."

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் வேலைக்காலத்தில் ஒருவர் வந்து பதிவைக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். அந்தக் கை தானாக அலமாரிக்குப் போனது. காணும் பொங்கலன்று வந்தான், கையில் கரும்புக் கட்டு. மாசி மகத்தன்று வந்தான், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். வீராம்பட்டினம் தேருக்கு, ஆடி வெள்ளியன்று காலை ஒன்பதரைக்கு வந்தான், துணிக்கடைப் பையோடு. பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நிறத்தில் புதுப் பச்சைக் கவுன். மணியோடு வாசித்துக் காட்டினேன். ஒரு சிறு பெருமையோடுதான் வாசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இவ்ளோ கரெக்டா யாரும் சொன்னதில்ல மேடம்" என்று சொல்லி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

தை பிறப்பதற்குள் பதில் வந்தது. தகப்பன் உயிரோடிருக்கிறார், அவ்வப்போது வந்து பிள்ளைகளின் தேவைகளைக் கவனிக்கிறார், ஆகவே உதவி வழங்க இயலாது.

அவள் அந்தத் தாளோடு மேலே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கவுனு எடுத்துக் குடுத்தாருன்னு நீங்கதான் சொன்னீங்களாக்கா?"

"எடுத்து வந்ததைப் பார்த்தேனே."

"நான் எடுத்ததுக்கா அது. நேரு வீதியில ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்தேன். தெருக்கோடியில அந்தாளு கையில குடுத்து, நீங்க வாங்கினதா குடுங்கன்னு சொல்லி அனுப்பினேன். வந்துபோன பெட்ரோல் காசும் என்னுதுதான். கரும்பும் என்னுது."

"எதற்கு இப்படி?"

"அப்பன் தூக்கிப் போட்டுட்டான்னு தெருவுல பேசினா அதுங்க காதுல விழாதா? அதான்."

நான் பார்த்தது உண்மை. எழுதிய நாளும் மணியும் சரி. பை எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் எனக்கும் பொய்தான் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் நான் கேட்கவில்லை.

விளக்கம் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன், நேரிலும் போனேன். பிள்ளைகளைப் பராமரிக்கவில்லை என்று தகப்பனிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். தன் பெயர் கெட்டுவிடுமாம்.

மாதம் ஒரு தொகை நான் கொடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கோபமாகப் பேசவில்லை. லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"வேணாம்க்கா. அதையும் தேதி போட்டு எழுதிடுவீங்க."

பள்ளிக்கூடம் திறந்த வாரம், திங்கட்கிழமை, பெரியவளை விழுப்புரம் பக்கம் ஒரு இலவச விடுதியில் சேர்க்கக் கிளம்பினார்கள். பெரியவள் என்னிடம் சொல்லிக்கொள்ள மேலே வந்தாள். பச்சைக் கவுன்தான் போட்டிருந்தாள். அதற்குள் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

"இது அத்தை எடுத்ததுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"சரியா இருந்திச்சே. எங்கப்பாவுக்கு என் அளவு தெரியாது."

அவர்கள் போன பிறகு ஆடி மாதப் பக்கத்தை எடுத்தேன். பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது, தவறு தெரிந்தால் ஓரத்தில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் வேலையின் முறை. 'கவுன்கள் அத்தை எடுத்தவை' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். இனி அதைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

சின்னவள் மட்டும் சாயங்காலங்களில் படியேறி வருகிறாள். நாட்கள் விஷயத்தில் அவளுக்கு என்மேல் நம்பிக்கை.

"அக்கா வர இன்னும் எத்தினி நாளு?"

விடுதியில் அடுத்த விடுமுறை எப்போது என்று கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, என்றாலும் அவளோடு சேர்ந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணுகிறேன்.

"இருபத்து மூணு."

"நேத்து இருபத்து நாலுன்னு சொன்னீங்க. ஒண்ணுதான் கொறஞ்சிருக்கா?" என்று குறைப்பட்டுக்கொண்டு இறங்கிப் போகிறாள்.